முதலில் செவி, பிறகு தட்டு

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பி ஆகிவிட்டது; பத்திரிகை படித்தும் ஆகிவிட்டது; நம்முடைய யோசனையைக் கேளாமலே இவ்வுலகம் நடந்துகொண்டிருக்கும் என்ற ஞானமும் வழக்கம்போல் உதயமாகிவிட்டது. அந்த நல்ல சமயத்தில் வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், கையில் சுருதிப் பெட்டியுடன், இருபத்து மூன்று பிராயம் மதிக்கத்தக்க ஒரு பெண்.

பெரியவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பெண் அவருடைய ஒரே புதல்வி. எட்டுப் பாட்டுகளைத் தானே இயற்றி, தானே மெட்டும் அமைத்திருக்கிறாள். அவற்றை ஓர் இசைத் தொகுப்பாக வெளியிடப் போகிறார்கள். இக்காலத்தார் "ஆல்பம்" என்று சொல்கிறார்களே, அதுதான். வெளியீட்டு விழாவுக்கு அடியேன் தலைமை வகிக்க வேண்டுமாம்.

நேயர்களே, தலைமை வகிப்பது என்றால் எனக்கு ஒரு பயம் உண்டு. அதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இருபது வருஷங்களுக்கு முன் இத்தகைய விழா ஒன்றுக்கு நான் போயிருந்தேன். மண்டபத்தில் முந்நூறு நாற்காலி. மேடையில் ஒன்பது பேர். நாற்காலிகளில், பாடகரின் உறவினரையும் மேடையில் இருந்தவர்களின் உறவினரையும் தவிர்த்துப் பார்த்தால், மின்விசிறியின் காற்றுக்காக உள்ளே வந்தவர் இரண்டொருவர் இருந்திருக்கலாம். வாழ்த்துரை, பாராட்டுரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் நடந்தன. பாட்டுக்கு மட்டும் பத்து நிமிஷம் கிடைத்தது. ஆயிரம் தட்டுகள் அச்சிட்டிருந்தார்கள். அன்று விற்றவை பதினொன்று. அவற்றில் ஒன்று நான் வாங்கியது. மூன்று வருஷம் கழித்து அந்தப் பாடகரின் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாடி வராந்தாவில் புறாக்கள் வராமலிருக்கப் பளபளவென்று தட்டுகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணுக்கு மிக அழகாய்த்தான் இருந்தது. ஆனால் அவர் அதன்பின் பாடவில்லை. "கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. அவருடைய சாரீரத்தில் ஒரு குறையும் இல்லை; பாட்டிலும் குறையில்லை. வரிசையைத்தான் மாற்றிச் செய்துவிட்டார்.

ஆகையால் தலைமையாசிரியரிடம், "செலவு எவ்வளவு மதிப்பிட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நாலு லட்சம் ஆகும் ஸார். ஒலிப்பதிவு நிலையம், பக்கவாத்தியம், மண்டபம், விளம்பரம், ஆயிரம் தட்டு."

"இக்காலத்தில் தட்டுப் போட்டுக் கேட்கும் யந்திரம் எத்தனை வீட்டில் இருக்கிறது?"

"தட்டு மரியாதைக்கு ஸார். இணையத்திலும் ஏற்றிவிடுவோம்."

"பணம்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "பிராவிடெண்ட் பண்டில் வந்தது இருக்கிறது" என்றார். பெண் தலை குனிந்துகொண்டாள்.

நான் அவளைப் பார்த்து, "அம்மா, ஒரு கேள்வி. நீ இதுவரை எத்தனை தடவை சபையில் பாடியிருக்கிறாய்?" என்றேன்.

"நாலு தடவை, ஐயா."

"உன் உறவினரையும் சிநேகிதிகளையும் தள்ளிவிட்டால், நீ நாளைக்குப் பாடுகிறாய் என்று தெரிந்தால் புறப்பட்டு வரக்கூடியவர்கள் எத்தனை பேர்?"

அவள் விரலை மடக்கி எண்ணினாள். ஒரு கை முடிந்து மறு கைக்கும் போனாள். "ஒன்பது பேர்" என்றாள்.

வேறொருவராயிருந்தால் "நூற்றுக்கணக்கில்" என்று சொல்லியிருப்பார். ஒன்பது என்று சொன்ன அந்தக் கணமே இந்தப் பெண் முன்னுக்கு வருவாள் என்ற நம்பிக்கை எனக்குப் பிறந்துவிட்டது.

* * *

பழைய காலத்தில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. கிராமபோன் தட்டுக்காக நம் தேசத்தில் பாட்டுப் பதிவு செய்யத் தொடங்கியது 1902-ஆம் வருஷத்தில். கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அப்போதே அந்த அம்மாள் பெயர் பெற்ற பாடகி. தமிழ்நாட்டிலும் அப்படியே. எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டை நாடகக் கொட்டகையில் விடிய விடியக் கேட்டவர்களே பிறகு அவருடைய தட்டுகளை வாங்கினார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியோ கேட்கவே வேண்டாம். திருவிழாவில் ஸ்வாமி புறப்பாட்டின்போது மணிக்கணக்காக வாசித்த தோடியைத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷத்தில் அடக்க வேண்டும். அப்படியும் ஜனங்கள் அதைத் தேடி வாங்கினார்கள். அந்த மூன்று நிமிஷம், தாங்கள் நின்று கேட்ட அந்த இரவு முழுவதையும் அவர்களுக்கு நினைவூட்டியது. ராஜரத்தினம் பிள்ளையையே கேட்டறியாதவனுக்கு அது வெறும் மூன்று நிமிஷம்தான்.

இதில் ஒரு பொருளாதார சூட்சுமமும் இருக்கிறது. அன்று தட்டுக்குப் பணம் போட்டவன் கம்பெனிக்காரன். சொந்தப் பணத்தைப் போடுகிறவன், "இவருடைய பாட்டை ஜனங்கள் கேட்கிறார்களா?" என்று நாலு இடத்தில் விசாரிக்காமல் போடுவானா? இன்றைக்கு ஒலிப்பதிவு எளிதாகிவிட்டது. ஓர் அறையும் ஒரு கணிப்பொறியும் இருந்தால் போதும். ஆகவே பாடகரே பணம் போடுகிறார். அவரிடம் விசாரிப்பதற்கு ஒருவருமில்லை. "ஜனங்கள் கேட்பார்களா?" என்று தகப்பனாரைக் கேட்டால், அவர் தகப்பனார் அல்லவா? என்ன பதில் சொல்வார்?

* * *

இங்கிலாந்தில் ஷெபீல்டு என்று ஒரு நகரம். கத்திக்கும் உருக்குக்கும் பேர்போனது. அதன் ஓரத்தில் ஹை கிரீன் என்ற புறநகரில், 2002-ஆம் வருஷத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நால்வர் கூடி ஒரு வாத்தியக் கோஷ்டி அமைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "ஆர்க்டிக் மங்கீஸ்", அதாவது வடதுருவக் குரங்குகள். (நம் ஊரில் இப்படிப் பெயர் வைத்தால் சபா காரியதரிசி கதவையே திறக்க மாட்டார்.) 2003 ஜூனில் அவர்களுடைய முதல் கச்சேரி நடந்தது. இடம் ஒரு மதுக்கடையின் சிறிய அறை.

அவர்கள் ஆல்பம் வெளியிட ஓடவில்லை. சிறு சிறு இடங்களில் ஓயாமல் வாசித்தார்கள். பாட்டுகளைத் தாங்களே குறுந்தகட்டில் பதிந்து, கச்சேரிக்கு வந்தவர்களுக்கு இலவசமாய்க் கொடுத்தார்கள். தகடுகளோ சொற்பம், கேட்டவர்களோ அதிகம். ஆகவே கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களுக்காக அவற்றை இணையத்தில் ஏற்றினார்கள். மைஸ்பேஸ் என்ற தளத்தில் கோஷ்டியின் பெயரால் ஒரு பக்கம் தோன்றியது. அதைத் தொடங்கினவர்களும் ரஸிகர்களே. இலவசமாய்ப் பரவிய அந்தப் பாட்டுகளுக்கு அபிமானிகளே ஒரு பெயரும் சூட்டி, ஊர் ஊராய்ப் பரப்பினார்கள். கொஞ்ச நாளில் கோஷ்டி எந்த ஊருக்குப் போனாலும், கடையில் ஒரு தட்டும் விற்காத அந்தக் கோஷ்டியின் பாட்டை, சபையில் இருந்தவர்கள் ஓர் அக்ஷரம் பிசகாமல் கூடவே பாடத் தொடங்கிவிட்டார்கள்!

2005-ல் டாமினோ என்ற சுதந்திரமான இசைத்தட்டுக் கம்பெனியுடன் ஒப்பந்தமாயிற்று. அவ்வருஷம் அக்டோபரில் அவர்கள் வெளியிட்ட ஒற்றைப் பாட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 2006 ஜனவரி 23-ஆம் தேதி முதல் ஆல்பம் வெளிவந்தது. முதல் வாரத்தில் விற்றவை 3,63,735 பிரதிகள். ஒரு கோஷ்டியின் முதல் ஆல்பம் அதுவரை பிரிட்டனில் அவ்வளவு வேகமாய் விற்றதில்லை. அவற்றில் பல பாட்டுகள் ரஸிகர்கள் ஏற்கெனவே இலவசமாய்ப் பெற்றுக் கேட்டுத் தேய்த்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இலவசமாய்க் கிடைத்ததை ஏன் காசு கொடுத்து வாங்கினார்கள்? சாஸ்திரக்காரர்கள் பெரிய விளக்கம் சொல்லக்கூடும். எனக்குத் தெரிந்தது இவ்வளவே: அந்தப் பாட்டுகளைத் தாங்களே கண்டெடுத்து ஊருக்குச் சொன்னதாக அவர்கள் எண்ணினார்கள். எடுத்து வளர்த்த குழந்தையின் கல்யாணத்துக்குப் போகிறவன், "பத்திரிகை இலவசமாய் வந்ததே, மொய் எதற்கு?" என்று கேட்பானா?

* * *

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் பெண் ஒரு கேள்வி கேட்டாள். நல்ல கேள்வி.

"ஐயா, அவர்களுக்கு ரஸிகர் சேர்ந்தார்கள், கம்பெனியும் வந்தது. கம்பெனி வராவிட்டால்?"

அதற்கும் உதாரணம் இருக்கிறது. அதே இங்கிலாந்தில் மரிலியன் என்று ஒரு கோஷ்டி. 1979-ல் எய்ல்ஸ்பரி என்னும் ஊரில் ஏற்பட்டது. பெரிய கம்பெனியின் ஆதரவில் பல வருஷம் கியாதியோடு வாழ்ந்தார்கள். 1990-களின் நடுவில் கம்பெனி அவர்களைக் கைவிட்டது. 1997-ல் அமெரிக்காவில் சுற்றுப் பிரயாணம் செய்யக் கையில் பணமில்லை. போனால் பெரும் நஷ்டம் என்று கணக்குப் பார்த்து, போகப் போவதில்லை என்றார்கள். அமெரிக்க ரஸிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுக்குள்ளேயே கடிதம் எழுதிக்கொண்டு, நிதி திரட்டி, சுமார் 60,000 டாலர் சேர்த்துக் கொடுத்தார்கள். கோஷ்டி யாரிடமும் கை நீட்டவில்லை. பிரயாணம் நடந்தது.

அப்போதுதான் கோஷ்டியாருக்குக் கண் திறந்தது. பிற்பாடு ஓர் ஆல்பத்துக்குக் கம்பெனியிடம் போய் நிற்பதற்குப் பதிலாக, ரஸிகர்களுக்கே எழுதினார்கள்: "நாங்கள் இன்னும் ஒரு பாட்டும் பதிவு செய்யவில்லை. இப்போதே விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்வீர்களா?" பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பணம் அனுப்பினார்கள்! அந்தப் பணத்தில் எழுதிப் பதிவு செய்த ஆல்பம் 2001-ல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் "கூட்ட நிதி" என்று பேசுகிறார்களே, அதற்கு வழி காட்டினவர்களில் இவர்களும் சேர்ந்தவர்கள்.

"அவர்களுக்குப் பழைய பெயர் இருந்தது, ஐயா" என்றாள் பெண்.

வாஸ்தவம். அதை மறைத்தால் நான் பொய்யனாவேன். மரிலியன் கோஷ்டி பத்துப் பன்னிரண்டு வருஷம் கம்பெனியின் செலவில் பெயர் சம்பாதித்த பிறகே ரஸிகர்களை நாடிற்று. ஆகவே பணம் திரட்டும் யுக்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, ரஸிகர்களைத் திரட்டாமல் போனால் ஒன்றும் நடவாது. கறவாத மாட்டின் அடியில் எவ்வளவு அழகான செம்பை வைத்தால்தான் என்ன?

தலைமையாசிரியர் இடைமறித்தார். "ஸார், ஆயிரம் ரஸிகர் இருந்தால் போதும் என்று எங்கேயோ படித்தேனே?"

அவர் படித்தது மெய்தான். கெவின் கெல்லி என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2008-ல் அப்படி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கலைஞனுக்குக் கோடி ரஸிகர் வேண்டாம். அவன் எதைப் படைத்தாலும் வாங்கக்கூடிய மெய்யான அபிமானிகள் ஆயிரம் பேர் இருந்து, ஒவ்வொருவரும் வருஷத்துக்கு நூறு டாலர் செலவழித்தால் லட்சம் டாலர் ஆகிறது. ஒரு மனுஷன் பிழைக்க அது போதாதா என்பது அவர் கணக்கு.

தலைமையாசிரியர் கணித உபாத்தியாயராயிருந்தவர். உடனே, "நம் ஊருக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் வைத்தாலும் ஐந்து லட்சம்!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

"தற்போது ஒன்பதை ஐந்நூறால் பெருக்குங்கள்" என்றேன்.

"நாலாயிரத்து ஐந்நூறு" என்றார். முகம் கொஞ்சம் வாடியது. நாலாயிரத்து ஐந்நூறுக்கும் நாலு லட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

* * *

ரஸிகர்களைச் சேர்ப்பது என்றால் என்ன? இதை ஒரு வியாபாரத் தந்திரமாகச் சிலர் எண்ணுகிறார்கள். தினம் நாலு படம், எட்டு அறிவிப்பு, "எனக்கு ஆதரவு தாருங்கள்" என்று எல்லோருடைய கைப்பேசியிலும் ஓயாத மணி. இதனால் பெயர் தெரியலாம். ஆனால் தெரிந்த பெயரெல்லாம் பிடித்த பெயராகிவிடாது. எதிர் வீட்டுக் கார் ஹாரனும் நமக்கு நன்றாய்த் தெரிந்ததுதானே?

அடியேனுடைய யோசனை மிகச் சாதாரணமானது. ஒரே இடம், ஒரே நாள்: மாதந்தோறும் முதல் சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டு, பத்துப் பேர் வந்தாலும் பாட வேண்டும். வந்தவர்களின் பெயரையும், அவர்கள் சம்மதித்தால் விலாசத்தையும், ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இணையத் தளங்கள் இன்று இருக்கும், நாளை மாறும். ஆர்க்டிக் மங்கீஸ் காலத்து மைஸ்பேஸ் பிற்பாடு பழைய மகிமை இழந்தது. 2019-ல், 2015-க்கு முன் அதில் ஏற்றியிருந்த பாட்டுகளைக் கூடத் தொலைத்துவிட்டதாக அந்தத் தளத்தாரே ஒப்புக்கொண்டார்கள். நோட்டு நம்முடையது. பிறகு எட்டில் இரண்டு பாட்டை இலவசமாய்க் கொடுத்துவிட வேண்டும். எந்தப் பாட்டை மறுபடி கேட்கிறார்கள், எந்தப் பாட்டின்போது எழுந்து போகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயம் கசப்பு மருந்து. ஆனால் ஒலிப்பதிவு நிலையத்தில் எவ்வளவு வாடகை கொடுத்தாலும் கிடைக்காதது. எட்டுப் பாட்டில் மூன்று தேறாது என்று பத்துப் பேர் முன்னிலையில் தெரிந்துகொள்வது நல்லதா, ஆயிரம் தட்டு அச்சிட்ட பிறகு தெரிந்துகொள்வது நல்லதா?

இன்னும் ஓர் எச்சரிக்கை. ரஸிகர்களிடம் முன்பணம் வாங்குவது வட்டியில்லாக் கடன்தான், ஆனால் கடன். அமண்டா பால்மர் என்ற அமெரிக்கப் பாடகி ஒரு காலத்தில் தெருவோரத்தில் கல்யாணப் பெண் வேஷத்தில் சிலைபோல் நின்று, காசு போட்டவர்களுக்குப் பூக்கொடுத்துப் பிழைத்தவர். 2012-ல் ஆல்பத்துக்காக லட்சம் டாலர் கேட்டார். சுமார் இருபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு, தாம் போகும் ஊர்களில் உள்ளூர் வாத்தியக்காரர்கள் சம்பளமில்லாமல் தம்முடன் வாசிக்கலாம் என்று அழைத்தார். "இவ்வளவு பணம் வந்தும் வாசிப்பவனுக்குக் கூலி இல்லையா?" என்று பெரிய கூச்சல் எழுந்தது. கடைசியில் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதாய் அறிவித்தார். பிறர் பணத்தில் பாடுகிறவருடைய கணக்கைப் பிறர் பார்க்கத்தான் செய்வார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தகப்பனாரும் மகளும் எழுந்தார்கள். விழாத் தலைமை கிடைக்காத ஏமாற்றம் பெரியவர் முகத்தில் இருந்தது. படியிறங்கும்போது, "எனக்கு வயது அறுபத்தைந்து ஸார். இவளுடைய ஆல்பத்தைப் பார்த்துவிட வேண்டுமென்று ஆசை. ஆயிரம் பேர் சேர எவ்வளவு காலமாகும்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். எனக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் தெரிந்தவன்போல் ஒரு மணி நேரம் பேசியவன், அந்த ஒரு கேள்விக்கு மௌனமாய் நின்றேன். அன்று முழுவதும் மனம் சரியாயில்லை.

* * *

இந்த மாதம் முதல் சனிக்கிழமை எனக்கு ஓர் அழைப்பு வந்தது. அச்சடித்ததல்ல, கையால் எழுதியது. அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் கச்சேரி. ஜமக்காளம் விரித்திருந்தார்கள். ஒரு மிருதங்கம், ஒரு வயலின். பெரியவர் வாசலில் நின்று ஒரு நீள நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப்போல் ரூல் போட்டு, வரிசை எண் எல்லாம் கொடுத்திருந்தார். என் பெயருக்கு இருபத்திரண்டாம் எண்.

பெண் ஐந்து பாட்டுப் பாடினாள். நாலாவது பாட்டு கொஞ்சம் நீளந்தான். இரண்டு பேர் எழுந்து போனார்கள். அவள் அதைக் கவனித்ததை நானும் கவனித்தேன். ஐந்தாவது பாட்டில் மாடியே நிசப்தமாயிற்று.

கச்சேரி முடிந்து எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வீட்டிலிருந்து பாட்டைக் கேட்டுவிட்டு மெதுவாய்ப் படியேறி வந்த ஒரு மூதாட்டி, மூச்சு வாங்கிக்கொண்டே, "கடைசியாப் பாடினியே கண்ணு, அது தட்டு வந்திருக்கா?" என்று கேட்டார்.

பெண் தகப்பனாரைப் பார்த்தாள். தகப்பனார் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

"இன்னும் இல்லை, பாட்டி" என்றாள் பெண். "அடுத்த மாசமும் பாடுவேன். வருவீர்களா?"

"வராமல்?" என்றார் பாட்டி.

தலைமையாசிரியர் நோட்டைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "பெயர் சொல்லுங்கள் அம்மா" என்றார். முப்பத்தாறாவது பெயர் எழுதப்பட்டது.